இணையதள வடிவமைப்பில் உளவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளமோ செயலியோ வைத்திருப்பவர்களும், அதை வடிவமைத்துக் கொடுப்பவர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும்.

உளவியல் உத்திகளைப் போட்டால் விற்பனை உண்மையிலேயே கூடுமா?

கூடும். ஆனால் மேடைகளில் சொல்லப்படுகிற அளவுக்குக் கூடாது. மக்களை மெல்லத் தூண்டும் மாற்றங்கள் எவ்வளவு பலன் தருகின்றன என்று டெல்லாவிக்னா, லினோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு பெரிய ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளில் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி, அதாவது தூண்டியதைச் செய்தவர்கள் நூறு பேருக்கு 8.7 பேர் கூடினார்கள். அதே வகை மாற்றங்களை அமெரிக்காவில் இதற்கென்றே இருக்கும் குழுக்கள் 2.3 கோடிப் பேரிடம் செய்து பார்த்தபோது கிடைத்தது 1.4 புள்ளி. இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம் எளிமையானது: பலன் பெரிதாக வந்த சோதனைகள்தான் ஆய்விதழ்களில் இடம்பிடிக்கின்றன.

1.4 புள்ளியும் லாபம்தான். ஆனால் "இந்த ஒரு உத்தியால் விற்பனை இரண்டு மடங்கு" என்று யாராவது சொன்னால், சோதனையை எத்தனை பேரிடம் செய்தார்கள் என்று கேளுங்கள்.

உத்திகள் ஏன் வேலை செய்கின்றன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற பதில்களுக்கெல்லாம் இது தேவைப்படும். யாரும் எல்லாவற்றையும் அலசி முடிவெடுப்பதில்லை. குறிப்புகளைப் பார்த்து முடிவெடுக்கிறோம். நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும், விவரம் தெரிந்தவர் பரிந்துரைத்திருக்கிறார் என்பவை எல்லாம் அப்படிப்பட்ட குறிப்புகள். அவை பெரும்பாலும் உண்மையாக இருப்பதால்தான் அவற்றை நம்பிப் பழகியிருக்கிறோம். ஆகவே எந்த உத்தியை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் தளம் காட்டுகிற குறிப்பு நிஜமா? நிஜமென்றால் வாங்குபவருக்கு உதவி செய்கிறீர்கள். இல்லையென்றால் அது மோசடி, அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

தடைகளை எடுப்பதிலிருந்து. ஒருவர் ஒரு செயலைச் செய்ய வேண்டுமென்றால் விருப்பம், எளிமை, தூண்டல் மூன்றும் ஒரே நேரத்தில் கூடி வர வேண்டும் என்று ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பி.ஜே. ஃபாக் 2009-இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். பெரும்பாலான தளங்கள் விருப்பத்தை ஏற்றுவதிலேயே காலத்தைப் போக்குகின்றன: பெரிய பேனர், ஆச்சரியக்குறிகள், பாப்-அப். மூன்றில் மாற்றக் கடினமானது விருப்பம்தான். எளிமை நம் கையில் இருக்கிறது.

இதற்குப் பயனர் அனுபவ நிபுணர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய சம்பவத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய விற்பனைத் தளத்தில், கூடையை நிரப்பிவிட்டுப் பணம் கட்டப் போனால் "லாகின்" அல்லது "பதிவு" என்று ஒரு படிவம் நின்றது. புதியவர்களுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். பொருள் வாங்க வந்தவரிடம் எதற்கு உறுப்பினர் சேர்க்கை? பழைய வாடிக்கையாளர்களுக்கோ எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தோம் என்பதே நினைவில்லை. பதிவு பட்டனை எடுத்துவிட்டு "தொடர்க" என்று ஒரு பட்டன் வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை, வேண்டுமானால் பிறகு தொடங்கலாம் என்று பக்கத்தில் ஒரு வரி. வாங்கியவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. முதல் ஆண்டில் கூடுதலாக வந்தது 30 கோடி டாலர். இதில் உளவியல் உத்தி என்று சொல்ல ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, இது இல்லாமல் பொருளை அனுப்ப முடியுமா என்று பாருங்கள். பிறந்த தேதி, இரண்டாவது தொலைபேசி எண், "எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்" எல்லாம் அங்கேயே விழுந்துவிடும். பிறகு போனில் பாருங்கள். சின்னதாகவும் தொலைவாகவும் இருப்பதைத் தொட அதிக நேரமாகும் என்று பால் ஃபிட்ஸ் 1954-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். தொடும் இடங்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகல் தரநிலை. ஆப்பிளின் பரிந்துரை 44 புள்ளி (திரையை அளக்கும் அலகு). பெரியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்த நொடியிலேயே தளத்தைப் பற்றி முடிவு செய்துவிடுகிறார்களாமே?

2006-இல் கனடாவில் கிட்டே லிண்ட்கார்ட் குழு நடத்திய ஆய்விலிருந்து வந்த பேச்சு இது. ஒரு பக்கத்தை 50 மில்லி நொடி மட்டும் காட்டி, அழகாக இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த மதிப்பெண்ணும், அதிக நேரம் பார்த்த பிறகு கொடுத்த மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அழகு பற்றிய தீர்ப்பு அவ்வளவு வேகமாக உருவாகிறது, அவ்வளவுதான். வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

பட்டன் சிவப்பா, பச்சையா?

எந்த நிறத்துக்கும் மந்திர சக்தி கிடையாது. சுற்றியிருப்பவற்றிலிருந்து வேறுபட்டு நிற்பது நினைவில் நிற்கும் என்பதை 1933-இல் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் காட்டினார். பச்சைத் தளத்தில் சிவப்பு பட்டன் ஜெயித்தது என்றால் ஜெயித்தது வேறுபாடு. ஒரு பக்கத்தில் ஒரு பட்டன் மட்டும் அந்த நிறத்தில் இருக்கட்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆண்களில் கணிசமானோருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது.

தேர்வுகளைக் குறைத்தால் அதிகம் வாங்குவார்களா?

எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2000-இல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஜாம் ஆய்வை. 24 வகை ஜாம் வைத்த மேசையருகே, கடந்து போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்றார்கள், ஆனால் நின்றவர்களில் 3 சதவீதம்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 40 சதவீதம் பேர் நின்று, அவர்களில் 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் 2010-இல் இதே வகைச் சோதனைகள் 50-ஐ ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். சில இடங்களில் அதிகத் தேர்வு கெடுத்தது, சில இடங்களில் உதவியது.

எப்போது கெடுக்கிறது? வந்தவருக்குத் தனக்கு என்ன வேண்டுமென்றே தெரியாதபோது, அல்லது வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே வழி இல்லாதபோது. குறிப்பிட்ட ஒன்றைத் தேடி வந்தவருக்குப் பட்டியல் நீளமாக இருப்பதே நல்லது. ஆகவே பொருள்களை வெட்டுவதற்கு முன் வடிகட்டும் வசதியைச் சரிசெய்யுங்கள். "முதன்முறை வாங்குபவருக்கு இது" என்று ஒரு பரிந்துரையை நேர்மையாகச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம், மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜார்ஜ் மில்லர் 1956-இல் சொன்ன ஏழு, நினைவில் ஒரே சமயத்தில் எத்தனை விஷயங்களை வைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பற்றியது. மெனு கண் முன்னால் இருக்கிறது. அதை யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை.

ரிவ்யூ, "இத்தனை பேர் வாங்கினார்கள்" போன்றவை எவ்வளவு உதவும்?

இருக்கிற உத்திகளில் நம்பகமானது இதுதான் என்பேன். மக்களை இணங்க வைப்பவை என்று உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984-இல் பட்டியலிட்ட ஆறு கொள்கைகளில் ஒன்று இது. மற்றவர்கள் செய்ததைப் பார்த்து நாமும் செய்வது. இதில் மூன்று விஷயங்கள் அதிகம் கவனிக்கப்படுவதில்லை.

ஒன்று, "மற்றவர்கள்" யார் என்பது. 2008-இல் கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் ஒரு விடுதியில், குளியல் துண்டுகளை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் அட்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற அட்டையைவிட, மற்ற விருந்தினர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்ற அட்டை நன்றாக வேலை செய்தது. "இதே அறையில் தங்கியவர்கள்" என்று எழுதியது எல்லாவற்றையும் தாண்டியது. உங்கள் தளத்திலும் "லட்சக்கணக்கானோர்" என்பதைவிட, படிப்பவரின் தொழிலிலோ நிலைமையிலோ இருக்கும் ஒருவரின் அனுபவம் கனமாக விழும்.

இரண்டு, இது எதிர்த் திசையிலும் அடிக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாக மாறிய மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பார்வையாளர்கள் கல்மரத் துண்டுகளை எடுத்துப்போவதால் பூங்கா மாறிக்கொண்டே வருகிறது என்று வருத்தத்தோடு ஒரு பலகை வைத்தார்கள். சோதனைக்காகப் பாதையில் போட்டு வைத்த துண்டுகளில் ஏறக்குறைய 8 சதவீதம் காணாமல் போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. எல்லோரும் எடுக்கிறார்கள் என்று பலகையே சொல்லிவிட்டதே! "90 சதவீதம் பேர் தங்கள் விவரங்களை முழுதாக நிரப்புவதில்லை, நீங்களாவது நிரப்புங்கள்" என்று கேட்கும் தளமும் இதைத்தான் செய்கிறது.

மூன்று, குறையே இல்லாத ரேட்டிங் நல்லதல்ல. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் பார்த்தவரை, வாங்கும் வாய்ப்பு 4.0 முதல் 4.7 வரையிலான ஸ்டார் ரேட்டிங்கில் உச்சத்தைத் தொட்டு, 5-ஐ நெருங்கும்போது குறையத் தொடங்குகிறது. கெட்ட ரிவ்யூவை அழிக்காதீர்கள். அதற்கு நிதானமாகப் பதில் எழுதுங்கள். அடுத்து வருபவர் அந்தப் பதிலைத்தான் படிப்பார்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று போடலாமா?

கிடங்கில் இரண்டுதான் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். அது வாங்குபவருக்குத் தேவையான தகவல். பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி பதினைந்து நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும் கடிகாரம் வேறு கதை. இழப்பதன் வலி அதே அளவு பெறுவதன் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். போலிக் கடிகாரம் சுரண்டுவது அந்த வலியை. ஒருமுறை அகப்பட்டால் அந்தத் தளத்தில் எழுதியிருக்கும் எதையும் அவர் நம்ப மாட்டார், உண்மையான கையிருப்பு எண்ணையும் சேர்த்துத்தான்.

விலையை எப்படிக் காட்டுவது?

முதலில் கண்ணில் படுகிற எண் மற்ற எண்களை இழுக்கும். 1974-இல் ட்வெர்ஸ்கியும் கானெமனும் வெளியிட்ட சோதனையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25, 65-இல் நின்றதைப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடித்துக் காட்டும் பழைய விலை இந்த நம்பிக்கையில்தான் போடப்படுகிறது. அந்த விலைக்கு நிஜமாகவே விற்றிருந்தால் அது தகவல். ஐரோப்பிய ஒன்றியத்தில், தள்ளுபடி அறிவித்தால் முந்தைய 30 நாளின் மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்பது 2022 முதல் சட்டம்.

மூன்று திட்டங்கள் வைத்து, ஒன்றை யாரும் வாங்காத மாதிரி அமைத்தால் பக்கத்திலிருப்பது அழகாகத் தெரியும் என்பார்கள். 1982-லிருந்து அறியப்பட்ட விளைவுதான். ஆனால் எண்களாக மட்டும் எழுதிக் காட்டும்போது வருகிற இந்த விளைவு, படமாகவோ அனுபவமாகவோ காட்டும்போது பெரும்பாலும் மறைந்துபோகிறது என்று 2014-இல் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கு மெனக்கெட வேண்டாம்.

கட்டணங்களைக் கடைசிப் பக்கத்தில் சேர்ப்பது மட்டும் நிஜமாகவே லாபம் தருகிறது. இதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் தளம் 2015-இல் லட்சக்கணக்கானோரிடம் செய்து பார்த்தது. கட்டணத்தைக் கடைசியில் பார்த்தவர்கள், முதலிலேயே பார்த்தவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம் செலவழித்தார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனி எங்கே திரும்புவது என்ற நிலை. நேர்மையாக இருக்கும் தளம் இங்கே தோற்றுப்போகிறது என்பதால்தான் சட்டம் வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் நிகழ்ச்சி டிக்கெட்டுக்கும் தங்கும் அறைக்கும் முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

முன்கூட்டியே டிக் போட்டு வைப்பது தவறா?

டீஃபால்ட்டின், அதாவது பயனர் எதுவும் செய்யாவிட்டால் தானாக அமையும் தேர்வின், பலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2003-இல் ஜான்சனும் கோல்ட்ஸ்டீனும் உடல் உறுப்பு தானப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். விரும்பினால் சேரலாம் என்றிருந்த ஜெர்மனியில் சம்மதம் 12 சதவீதம். விரும்பாவிட்டால் விலகலாம் என்றிருந்த பக்கத்து நாடு ஆஸ்திரியாவில் 99.98. மாற்றுவதற்கான சோம்பல் ஒரு காரணம். இன்னொன்று, டீஃபால்ட்டை மக்கள் ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்கிறார்கள்: "வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்." அந்த நம்பிக்கைக்கு நீங்கள் தகுதியானவரா என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் யோசித்தாலும் எதைத் தேர்ந்தெடுப்பார்களோ அதை டீஃபால்ட்டாக வையுங்கள். டெலிவரி முகவரியே பில் முகவரி என்பது அப்படிப்பட்டது. கூடையில் தானாகவே ஏறிக்கொள்ளும் காப்பீடு அப்படிப்பட்டதல்ல.

முன்னேற்றப் பட்டை, லோடிங் திரை இவற்றில் ஏதாவது உளவியல் உண்டா?

உண்டு. நூன்ஸ், ட்ரெஸ் இருவரும் 2006-இல் ஒரு கார் கழுவும் நிலையத்தில் இரண்டு வகை முத்திரை அட்டைகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு முத்திரை, கட்டங்கள் நிரம்பினால் ஒரு கழுவல் இலவசம். ஒன்றில் 8 கட்டங்கள் காலி. இன்னொன்றில் 10 கட்டங்கள், அதில் இரண்டில் ஏற்கெனவே முத்திரை. வேலை இரண்டிலும் ஒன்றே. முதல் அட்டையை 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவதை 34 சதவீதம் பேர். ஆகவே பதிவு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் முன்னேற்றப் பட்டையில், பயனர் ஏற்கெனவே செய்து முடித்த ஒன்றை முதல் படியாக டிக் செய்து காட்டலாம்.

காத்திருப்பைப் பொறுத்தவரை, ஒரு நொடிக்குள் பதில் வந்தால் எதுவும் காட்ட வேண்டாம். பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்காவது போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். தேடும் வேலையைத் திரையில் காட்டும் தளத்தை மக்கள் அதிகம் மதிக்கிறார்கள் என்று புவெல், நார்ட்டன் 2011-இல் கண்டார்கள். நடக்காத வேலையை நடப்பதாகக் காட்டுவதற்கு அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டார்க் பேட்டர்ன் என்பது என்ன? எல்லை எங்கே?

பயனரைத் தான் விரும்பாத ஒன்றைச் செய்ய வைக்கும் வடிவமைப்பு. 2010-இல் ஹாரி பிரிக்னல் இந்தப் பெயரை வைத்தார். 2019-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு சுமார் 11,000 விற்பனைத் தளங்களைத் துழாவி 1,818 உதாரணங்களைப் பிடித்தது. கூடையில் சத்தமில்லாமல் சேர்வது, மறுக்கும் பட்டனில் "வேண்டாம், எனக்குப் பணம் மிச்சம் பிடிக்கப் பிடிக்காது" என்று எழுதி வெட்கப்பட வைப்பது, சேர ஒரு கிளிக்கும் விலகப் பத்து கிளிக்கும் வைப்பது எல்லாம் இந்தக் குடும்பம்.

சட்டம் இப்போது எட்டிப் பிடித்துவிட்டது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்திலும் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அமெரிக்காவில் அமேசான் பிரைம் சந்தா தொடர்பான வழக்கு 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள் "இலியட்" என்று பெயர் வைத்திருந்தார்கள் என்கிறது அரசுத் தரப்பின் புகார். நீண்டு நீண்டு போகும் போரைப் பாடும் ஹோமரின் காவியம்! பெயர் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

எல்லையைப் பார்க்க நான் பயன்படுத்தும் வழி: அந்த உத்தியைப் பக்கத்திலேயே விளக்கி எழுதினால் அது இன்னும் வேலை செய்யுமா? "பெரும்பாலோர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் முன்கூட்டியே டிக் செய்திருக்கிறோம்" என்று எழுதலாம். "நீங்கள் கவனிக்க மாட்டீர்கள் என்று இதைச் சேர்த்திருக்கிறோம்" என்று எழுத முடியாது.

ஆனால் போட்டியாளர்கள் எல்லோரும் செய்கிறார்களே, அவர்களுக்குப் பலன் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. பலன் இல்லை என்று சொல்லி உங்களைத் தடுக்க நினைப்பவர்கள் தவறாக வாதாடுகிறார்கள். லுகுரி, ஸ்ட்ராஹிலெவிட்ஸ் 2021-இல் வெளியிட்ட சோதனையில், சாதாரணத் திரையில் ஒரு சேவைக்குச் சேர்ந்தவர்கள் 11 சதவீதம். மிதமான டார்க் பேட்டர்ன் இருந்தபோது 26, முரட்டுத்தனமானதில் 42. முரட்டுத்தனத்துக்குக் கோபம் கிளம்பியது. மிதமானதற்குக் கிளம்பவில்லை. அதில் அதிகம் சிக்கியவர்கள் குறைவாகப் படித்தவர்கள்.

கடைசி வரியை மறுபடி படித்துப் பாருங்கள். உங்கள் "கூடுதல் விற்பனை" யாரிடமிருந்து வருகிறது என்பதற்கான விடை அதில் இருக்கிறது. வணிகக் கணக்கும் பார்க்க வேண்டுமென்றால், அப்படி வந்தவர்களில் எத்தனை பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், எத்தனை பேர் உதவி மையத்தை அழைத்தார்கள், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் அதே அறிக்கையில் வையுங்கள். சேர்ந்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் அறிக்கையில் எல்லா ஏமாற்றும் வெற்றியாகத்தான் தெரியும்.

சின்னத் தளத்துக்கு ஏ/பி சோதனை தேவையா?

ஏ/பி சோதனை என்பது ஒரு பக்கத்தின் இரண்டு வடிவங்களை வெவ்வேறு பேரிடம் காட்டி எது ஜெயிக்கிறது என்று பார்ப்பது. சின்னத் தளத்தில் அது பெரும்பாலும் முடியாது. வருபவர்களில் 3 சதவீதம் வாங்குகிறார்கள், அதை 3.3 ஆக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், வழக்கமான புள்ளியியல் அளவுகோல்படி ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 53,000 பேர் தேவை. ஆயிரம் பேரிடம் நடத்திவிட்டு ஒன்று ஜெயித்தது என்பது பூவா தலையா போடுவதுதான். முடிவு சாதகமாகத் தெரிந்த நாளில் சோதனையை நிறுத்துவதும் அப்படியே.

கூட்டம் இருக்கும் தளம் என்றால் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் நம் ஊகங்கள் அடிக்கடி தப்பும். ஒபாமாவின் முதல் அதிபர் தேர்தல் பிரச்சாரத் தளத்தில் படம் அல்லது வீடியோவையும் பட்டனில் உள்ள வாசகத்தையும் மாற்றி 24 சேர்க்கைகளைச் சோதித்தார்கள். குழுவுக்குப் பிடித்திருந்தது வீடியோ. வீடியோக்கள் எல்லாமே படங்களிடம் தோற்றன. குடும்பப் படமும் "மேலும் அறிக" பட்டனும் சேர்ந்தபோது பதிவு 8.26 சதவீதத்திலிருந்து 11.6-க்கு ஏறியது.

கூட்டம் இல்லையென்றால் ஐந்து பேரைப் பிடியுங்கள். உங்கள் தளத்தை முன்பு பார்க்காதவர்களாக இருக்க வேண்டும். ஒரு வேலையைக் கொடுத்து, போனைக் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் பாருங்கள். "பிடித்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள். மரியாதைக்குப் பிடித்திருக்கிறது என்பார்கள். எங்கே விரல் நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறார்கள், எதைச் சத்தமாக இரண்டு முறை படிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். விலகுவதையும் ஒரு வேலையாகக் கொடுத்துப் பாருங்கள்: சந்தாவை ரத்து செய்யச் சொல்லுங்கள், கணக்கை நீக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறைகூடப் பயனர் கையில் கொடுத்துப் பார்த்ததில்லை.